மலை வீட்டில் மெக்சிகன் ராப்: ராஜ்மா குழையவும் ரொட்டி விறைக்காமல் இருக்கவும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் சமவெளிக் குறிப்பை வைத்துக்கொண்டு சைவ மெக்சிகன் ராப் (ராஜ்மா, சாதம், காய், சீஸ் உள்ளே வைத்துச் சுருட்டும் ரொட்டி) செய்யப் போனால் பெரும்பாலும் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். ஆறேழு விசில் விட்டும் ராஜ்மா நடுவில் கடுக்கென்று நிற்கும். சுட்ட ரொட்டி ஐந்து நிமிடத்தில் விறைத்துப்போய், மடிக்கும்போது வெடிக்கும். உள்ளே வைத்த தக்காளியும் காயும் தண்ணீர் விட்டு, கடிக்கும்போது முழங்கை வரை வழியும். இதற்கெல்லாம் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டுக்கும் உயரமும் குளிரும் காரணம். மூன்றாவது, வரிசை மாறுவதால் வருவது. மூன்றையும் சரிசெய்ய முடியும்.

கீழே உள்ள அளவு நான்கு பேருக்கு, ஆளுக்கு இரண்டாக எட்டு ராப். இரண்டு சாப்பிட்டால் அதுவே முழுச் சாப்பாடு; பக்கத்தில் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

1. நாளையும் நேரத்தையும் முதலில் குறியுங்கள்

இது நினைத்த மாத்திரத்தில் செய்யும் பலகாரம் இல்லை. அடுப்படியில் நிற்கும் நேரம் இரண்டரை மணிதான். ஆனால் ஊறவும் உறையவும் பழுக்கவும் ஆகும் நேரத்தை மலைக் குளிர் நீட்டிவிடும். ஞாயிறு மதியம் 1 மணிக்குச் சாப்பிட வேண்டுமென்றால் இப்படிப் போங்கள்:

செவ்வாய் அல்லது புதன்: பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) வாங்கி வைத்துவிடுங்கள்.
சனி மாலை 6 மணி: பாலுக்கு உறை ஊற்றுங்கள்.
சனி இரவு 8 மணி: ராஜ்மாவை ஊற வையுங்கள்.
ஞாயிறு காலை 9 மணி: தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். 9.30க்குக் குக்கர் வைத்துவிடுங்கள்.
10.30: ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடுங்கள். அது ஓய்ந்திருக்கும் நேரத்தில் சாதம், பிறகு ராஜ்மா மசாலா.
11.45: ரொட்டி.
12.30: காய், சல்சா (வேகவைக்காத தக்காளித் தொடுகறி).
12.50: சுருட்டத் தொடங்கலாம்.

கொடைக்கானலில் இருப்பவர்கள் காய்க்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நம்பியிருந்தால் மதியத்துக்குத் திட்டம் போடாதீர்கள். காலையில் சந்தைக்குப் போய்வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊற வைப்பதும் உறை ஊற்றுவதும் மட்டும் சனியே நடக்கட்டும்.

இன்னொன்று, மார்கழி, தை மாதங்களில் சிலிண்டர் வெளியே கூண்டில் இருக்கும் வீடுகளில் காலை வேளையில் தீ மெலிந்து எரியும். குளிரில் உள்ளே இருக்கும் வாயு சரியாக ஆவியாகாததுதான் காரணம். சிலிண்டர் பாதி காலியாகிவிட்டால் இன்னும் மோசம். அந்த மாதங்களில் மேலே சொன்ன நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் கரி அடுப்பு வைப்பது எதுவும் வேண்டாம், அது ஆபத்து. வெயில் ஏறிய பிறகு தீ தானாகச் சரியாகும்.

2. சாமான், செலவு, பாக்கெட்டில் பார்க்க வேண்டியது

ரொட்டிக்கு: மைதா 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உப்பு 1 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், வெந்நீர் 160 முதல் 170 மி.லி.

ராஜ்மா மசாலாவுக்கு: ராஜ்மா 150 கிராம், பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, பூண்டு, சீரகம் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன்.

காய்க்கு: குடைமிளகாய் 2, கேரட் 1, வெங்காயம் 1, சிறிய மேரக்காய் (சௌசௌ) 1 அல்லது முட்டைக்கோஸ் 150 கிராம், உதிர்த்த ஸ்வீட் கார்ன் 100 கிராம்.

மற்றவை: பச்சரிசி 120 கிராம், சீஸ் 120 கிராம், பட்டர் ஃப்ரூட் பெரிதாக 1, சல்சாவுக்குத் தக்காளி 4, சின்ன வெங்காயம் 8, பச்சை மிளகாய் 2, கொத்தமல்லி ஒரு கட்டு, எலுமிச்சை 2, பால் அரை லிட்டர்.

பூண்டின் எண்ணிக்கையை வேண்டுமென்றே எழுதவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் காரமும் வாசனையும் அதிகம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. அதில் 4 பல் போதும். சாதாரணப் பூண்டு என்றால் 7, 8 பல் வேண்டும்.

மேரக்காய் என்று இங்கே சொல்லும் சௌசௌவை ‘மெக்சிகன் சமையலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தக் காயின் பூர்வீகமே மெக்சிகோ பக்கம்தான். நம் மலையில் பந்தல் பந்தலாகக் காய்க்கிறது, விலையும் மலிவு. ராப்பின் உள்ளே நறுக்கென்று கடிபட அதைவிட நல்ல காய் கிடைப்பது கஷ்டம்.

செலவு, தோராயமாக: மாவு 20 ரூபாய், ராஜ்மா 25, அரிசி 8, காய்கள் 70, சீஸ் 80, பட்டர் ஃப்ரூட் 50, தக்காளி வெங்காயம் கொத்தமல்லி எலுமிச்சை 45, பால் 30, எண்ணெய் மசாலா கேஸ் 30. மொத்தம் 350, 360 ரூபாய்க்குள் வரும். ஒரு ராப்புக்கு 45 ரூபாய். இதில் சீஸும் பட்டர் ஃப்ரூட்டும்தான் ஏற்ற இறக்கம் காட்டுபவை. பட்டர் ஃப்ரூட் வரத்துக் குறைந்து விலை ஏறும் மாதங்களில் அதை விட்டுவிட்டுத் தயிரைக் கூட்டிக்கொள்ளுங்கள், ருசி குறையாது. தக்காளி மட்டும் மலையில் வாங்கினாலும் கீழிருந்து ஏறி வந்ததாகத்தான் இருக்கும். பஸ்ஸிலோ காரிலோ வரும்போது மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ வாங்கிக்கொண்டால் கையைக் கடிக்காது.

காரில் வரும் உறவினர்களிடம் சாமான் சொல்லி அனுப்புகிறீர்களா? வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். புறப்படும் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் சோதனைச் சாவடியில் பறிபோகும். மஞ்சப்பையில் கட்டி வரச் சொல்வதே நல்லது.

பாக்கெட் வாங்கும்போது மூன்று கவனம் வேண்டும். முதலாவது, ‘கார்ன் ஃப்ளோர்’ என்று வெள்ளை வெளேரென்று விற்பது சோள ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்க ஆகும், ரொட்டிக்கு ஆகாது. மஞ்சள் மக்காச்சோள மாவு வாங்கினாலும் சுருட்ட வராது, விரிந்து உதிரும். மெக்சிகோவில் சோள ரொட்டிக்குச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சுண்ணாம்புதான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. நமக்குக் கோதுமை ரொட்டியே போதும். வட மெக்சிகோவில் பரிட்டோவை (அவர்கள் ஊர் ராப்பை) சுருட்டுவதும் கோதுமை ரொட்டியில்தான், ஆகவே இது மாற்று வழி என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது, சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பாலைத் திரிய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்த்த சீஸ்களும் உண்டு. மலையில் சின்னப் பண்ணைகள் செய்யும் சீஸை வாங்கினால் நேரிலேயே கேட்டுவிடுங்கள். மூன்றாவது, ராஜ்மா பாக்கெட்டில் பேக் செய்த தேதி. ஒரு வருஷத்துக்கு மேல் பழையதை எவ்வளவு வேகவைத்தாலும் தோல் இளகாது. உதிரியாக வாங்கினால், நிறம் மங்கி, தோல் சுருங்கி, உடைசல் நிறையக் கிடந்தால் வேறு கடை பாருங்கள்.

3. ராஜ்மா: பொறுமை தேவைப்படுவது இங்கேதான்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறத்தாழ அப்படித்தான். குன்னூரில் 94. தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் சூடு குறைவு. குக்கரும் இதிலிருந்து தப்பாது. வெயிட் ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவைத்தான். வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் குக்கருக்குள்ளும் சமவெளியைவிட நாலைந்து டிகிரி குறைவாகவே சூடு ஏறும். இதனால்தான் சென்னைக்கு எழுதிய விசில் கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது.

ஊற வைப்பது: ராஜ்மாவைக் கழுவி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி, 2 டீஸ்பூன் உப்புப் போட்டுக் கலக்கி மூடிவிடுங்கள். மலையில் குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டால் குளிரில் அது உள்ளே இறங்கவே இறங்காது. எட்டு மணி நேரம் கழித்தும் பாதிக் கொட்டை கல்லாக இருக்கும். 12 மணி நேரம் ஊறட்டும். உப்புப் போட்டால் வேகாது என்பது பரவலான பயம். ஊறும் தண்ணீரில் போடும் உப்பு தோலை இளக்கத்தான் செய்கிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. ராஜ்மா பழையதோ என்று சந்தேகம் இருந்தால் ஆப்பசோடா ஒரு சிட்டிகை சேர்க்கலாம். கூடினால் சோப்பு வாசனை அடிக்கும்.

ஊறிய கொட்டையை இரண்டு விரலால் பிளந்து பாருங்கள். உள்ளே முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஊறட்டும்.

வேகவைப்பது: ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீர் 600 மி.லி., உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். எண்ணெய் நுரை பொங்கி வெயிட்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். முதல் விசில் வரும்வரை முழுத் தீ. பிறகு சிறு தீயில் ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கு 25 நிமிடம். குன்னூர், கோத்தகிரிக்கு 22. கூடலூர் மாதிரி கீழ்ப்பகுதிக்கு 18. விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வெயிட் பழசானால், கேஸ்கட் தளர்ந்தால், தீ மாறினால் விசில் கணக்கும் மாறிவிடும்.

அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்க விடுங்கள். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கி, தோல் வெடித்து, கொட்டை வேறு தோல் வேறாகப் பிரிந்துவிடும்.

சோதனைக்கு ஒரு கொட்டையை எடுக்காதீர்கள், ஐந்து எடுங்கள். விரலால் நசுக்கினால் ஐந்தும் மாவாக நசுங்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் மறுபடி மூடி 8 நிமிடம். தண்ணீர் குறைந்திருந்தால் வெந்நீராக ஊற்றுங்கள்.

வேகாத ராஜ்மாவை ‘பரவாயில்லை, மென்னு சாப்பிடலாம்’ என்று விட்டுவிடவே கூடாது. அதில் இயற்கையிலேயே லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைவேக்காடாகச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், குழந்தைகளுக்குக் கஷ்டம். குக்கர் இல்லாதவர்கள் திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்துக் குழையும்வரை விடுங்கள். மலையில் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலே ஆகும். கொதிக்க வைத்து மூடி வைத்தால் தானாக வேகும் என்று விற்கும் தெர்மல் பாத்திரங்களை ராஜ்மாவுக்கு நம்பாதீர்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் சந்தையில் பச்சையாக, தோலோடு வரும் பட்டர் பீன்ஸோ டபுள் பீன்ஸோ வாங்குங்கள். அரைக் கிலோ உரித்தால் எட்டு ராப்புக்குப் போதுமான கொட்டை கிடைக்கும். ஊறவே வேண்டாம். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 10 நிமிடம். ராஜ்மாவின் மண்வாசனை இருக்காது, ஆனால் வெண்ணெய் மாதிரி மசியும். மலையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் வசதி இது. சீசனில் நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

மசாலா: எண்ணெயில் சீரகம் பொரிந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், தட்டிய பூண்டு. வெங்காயம் ஓரம் சிவந்த பிறகு தூள்கள், அரை நிமிடத்தில் தக்காளி. எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இந்த இடத்தில்தான் தக்காளி வர வேண்டும். குக்கரிலேயே போட்டால் புளிப்பு தோலை இறுக்கிவிடும். பிறகு வெந்த ராஜ்மாவும் வேகவைத்த தண்ணீரில் அரை டம்ளரும் சேர்த்து, மத்தால் பாதியை மட்டும் மசித்து, பாதியை முழுசாக விடுங்கள். பத்து நிமிடம் கிளறினால் கெட்டியாகும். கரண்டியால் வாணலியின் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு இரண்டு விநாடி மூடாமல் நிற்க வேண்டும். அப்போதே இறக்கிவிடுங்கள், ஆறும்போது இன்னும் இறுகும்.

ஓரிகானோ பாக்கெட் இருந்தால் கால் டீஸ்பூன் போடலாம். இல்லையென்றால் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளியில் ஒரே ஒரு இலையைப் பொடியாக நறுக்கி, இறக்கும்போது போடுங்கள். வாசனை கிட்டத்தட்ட அதே பக்கம் போகும். இரண்டு இலை போட்டால் கஷாயம் ஆகிவிடும்.

4. பட்டர் ஃப்ரூட்டும் தயிரும்

ஆடி, ஆவணியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துப் பழம் வத்தலக்குண்டு வரை இறங்கும். நீலகிரியில் குன்னூர்ச் சரிவுகளிலும் காய்க்கிறது. மரத்தில் அது பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். கல்லாக இருப்பதை வாங்கினால் மலைக் குளிரில் பழுக்க ஒரு வாரம்கூட ஆகும். செய்தித்தாளில் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துச் சுற்றி, அரிசி டிரம்முக்குள் வைத்தால் நாலைந்து நாளில் பதமாகும். பழுக்காததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அப்படியே நின்றுவிடும். காம்புப் பக்கம் பெருவிரலால் மெல்ல அழுத்தினால் அமுங்க வேண்டும். நடுவில் அழுத்திப் பார்த்தால் உள்ளே கறுத்துப்போகும், கடைக்காரரும் முறைப்பார்.

நம் மலைப் பழங்கள் பெரிசு, நீர்ச்சத்து அதிகம். மிக்ஸியில் அடித்தால் ஜூஸாகிவிடும். முள்கரண்டியால் மசித்து, எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் பாதி சேர்த்தால் போதும். சூடாக்கக் கூடாது, கசக்கும். சாப்பிட அரை மணிக்கு முன் செய்யுங்கள்.

தயிர், புளிப்பு க்ரீமுக்குப் பதில். மலையில் இரவு முழுக்க வைத்தாலும் பால் பாலாகவே இருக்கும். சமவெளியில் ஊற்றுவதைவிடக் கொஞ்சம் சூடான பாலில், அரை லிட்டருக்கு 2 டேபிள்ஸ்பூன் உறை ஊற்றி, ஹாட் பாக்ஸில் மூடி, கம்பளியால் சுற்றி வையுங்கள். 12 முதல் 15 மணி நேரம் ஆகும். உறைந்ததும் துணியில் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் 200 கிராம் கெட்டித் தயிர் கிடைக்கும். உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சை நாலு சொட்டு. அவ்வளவுதான்.

5. ரொட்டி

முழுக்கக் கோதுமை மாவில் செய்தால் சப்பாத்தியாகிவிடும், ஆறினால் உடையும். முழுக்க மைதாவில் செய்தால் நன்றாக வளையும், ஆனால் ரப்பர் போல இழுக்கும். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு கோதுமை என்ற கணக்கு சுருட்டவும் வரும், கடிக்கவும் வரும்.

எண்ணெய் விஷயத்தில் கவனம். தேங்காய் எண்ணெய், நெய், டால்டா மூன்றும் மலைக் குளிரில் உறையும். ரொட்டி ஆறும்போது உள்ளே இருக்கும் கொழுப்பும் இறுகி ரொட்டியை விறைக்க வைக்கும். கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஊற்றுங்கள்.

மாவு, உப்பு, பேக்கிங் பவுடரைக் கலந்து, எண்ணெயை ஊற்றி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்துத் தேய்த்து ஈர மணல் பதம் வரும்வரை பிசறுங்கள். பிறகு வெந்நீர். விரல் வைத்தால் சுரீர் என்று இருக்க வேண்டும், ஆனால் பொறுக்க வேண்டும். முதலில் 150 மி.லி. ஊற்றிக் கரண்டியால் கிளறி, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மழைக்காலத்தில் மாவே ஈரம் வாங்கியிருக்கும், 160 தாண்டாது. ஏழெட்டு நிமிடம் பிசைந்தால் மாவு சப்பாத்தி மாவைவிட மிருதுவாக, காது மடல் பதத்தில் வரும்.

எட்டு உருண்டைகளாக்குங்கள், ஒவ்வொன்றும் 65 கிராம் அளவில். எண்ணெய் தடவி, ஈரத்துணி போர்த்தி, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். சமவெளியில் அரை மணி போதும். குளிரில் மாவு தளர நேரம் எடுக்கும். இதைச் சுருக்கினால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கி உள்ளே வரும். அப்போது பலத்தைக் காட்டிப் பயனில்லை, இன்னும் பத்து நிமிடம் விட்டுவிட்டு வாருங்கள்.

24 செ.மீ. அகலத்துக்குத் தேயுங்கள். சாதாரணச் சப்பாத்திக்கல்லில் அது அடங்காது, சமையல் மேடையைத் துடைத்துவிட்டு அதிலேயே தேய்க்கலாம். கிரானைட் மேடை காலையில் ஐஸாக இருக்கும்; வெந்நீர்த் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டுத் தொடங்குங்கள். ஓரம் நடுவைவிடத் தடிப்பாக இருக்கக் கூடாது. மடிக்கும்போது அங்கேதான் உடையும்.

தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓட வேண்டும். ஒரு பக்கம் 30, 40 விநாடி; குமிழ் கிளம்பியதும் திருப்பி, இன்னொரு 30 விநாடி. எண்ணெய் விடாதீர்கள். அங்கங்கே காசு அளவுக்குப் பழுப்புப் புள்ளி விழுந்தால் போதும். சப்பாத்திபோல அழுத்திச் சுடாதீர்கள், தீயில் நேரடியாகக் காட்டி உப்ப வைக்காதீர்கள். சிறு தீயில் நிதானமாகச் சுட்டால் ஈரமெல்லாம் போய் அப்பளமாகிவிடும். சூடான கல், குறைந்த நேரம்: ரொட்டி வளைவதற்கு இதுதான் வழி.

எடுத்த ரொட்டியைத் தட்டில் ஆறவிட்டால் மலையில் அது முடிந்தது. ஹாட் பாக்ஸில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி, கொட்டித் துடைத்து, துணி விரித்து வையுங்கள். கல்லிலிருந்து நேராக அதற்குள் அடுக்கி, ஒவ்வொரு முறையும் துணியை மடித்து மூடிவிடுங்கள். ஒன்றின் ஆவி அடுத்ததை இளக்கும். கடைசி ரொட்டி போன பிறகு 10 நிமிடம் திறக்காதீர்கள்.

6. சாதமும் காயும்

அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கண்ணாடிபோல ஆகும்வரை வறுத்து, பாதித் தக்காளியை அரைத்து ஊற்றி, உப்பும் ஒன்றுக்கு இரண்டு தண்ணீரும் வைத்துக் குக்கரில் வேகவிடுங்கள். திறந்த பாத்திரம் என்றால் கால் டம்ளர் கூடுதல் தண்ணீர். உதிரியாக இருக்க வேண்டும். குழைந்தால் ராப் களியாகிவிடும். காலையில் வடித்த சாதம் மீந்திருந்தால் அதைத் தாளித்தும் வைக்கலாம்.

காய்களை விரல் நீளத்துக்கு நறுக்கி, அகலமான வாணலியில், முழுத் தீயில், இரண்டு தவணையாக வதக்குங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சூடு இறங்கி, வதங்குவதற்குப் பதில் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். கேரட்டும் மேரக்காயும் முதலில், குடைமிளகாய் கடைசியில். நாலு நிமிடம். உப்பு இறக்கிய பிறகுதான். காளான் சேர்ப்பவர்கள் அதைத் தனியாகத் தண்ணீர் வற்ற வதக்கிக் கலக்கவும்.

7. சல்சா

தக்காளியைக் குறுக்கே வெட்டி, விதையையும் சாற்றையும் பிழிந்துவிட்டு, சதையை மட்டும் பொடியாக நறுக்குங்கள். அரை டீஸ்பூன் உப்புப் பிசறி வடிகட்டியில் 10 நிமிடம் வைத்தால் கீழே கால் டம்ளர் தண்ணீர் இறங்கும். முழங்கையில் வழிவது இதுதான். அதை ரசத்தில் ஊற்றிக்கொள்ளலாம். வடிந்த தக்காளியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு.

மலையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது மரத்தக்காளியில் (மரத்தில் காய்க்கும் முட்டை வடிவப் பழம்) செய்து பாருங்கள். மூன்று பழத்தைத் தணலிலோ கேஸ் தீயிலோ சுட்டு, கசக்கும் தோலை உரித்து, சுட்ட பச்சை மிளகாய் ஒன்று, பூண்டு ஒரு பல், உப்பு சேர்த்து அம்மியிலோ உரலிலோ நசுக்குங்கள். புளிப்பும் லேசான இனிப்பும் சேர்ந்து, ராஜ்மாவுக்கு அவ்வளவு பொருத்தம். எலுமிச்சை தேவைப்படாது.

8. சுருட்டுவது

ஒரு ராப்புக்கு: துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, சாதம் 40 கிராம், ராஜ்மா 50, காய் 40, பட்டர் ஃப்ரூட் ஒரு ஸ்பூன், தயிர் ஒரு ஸ்பூன், சல்சா ஒரு ஸ்பூன். ஆசையில் கூட வைத்தால் மூடாது. மூடாததைக் கையில் பிடித்துச் சாப்பிட முடியாது.

ரொட்டியைக் கல்லில் பத்து விநாடி காட்டி, தட்டில் விரியுங்கள். நடுவுக்குச் சற்றுக் கீழே, இரண்டு ஓரத்திலும் நாலு விரல் இடம் விட்டு, நீளவாக்கில் வையுங்கள். முதலில் சீஸ், சூட்டில் உருகி ரொட்டியையும் மற்றதையும் ஒட்ட வைக்கும், ஈரம் ரொட்டியில் இறங்காமலும் தடுக்கும். அதன் மேல் சாதம், பிறகு ராஜ்மா, காய். பட்டர் ஃப்ரூட், தயிர், சல்சா மூன்றும் உச்சியில். சல்சா ரொட்டியைத் தொடக் கூடாது. சாதம் அதன் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும்.

இரண்டு பக்க ஓரத்தையும் உள்ளே மடித்து, மடிப்பை விரலால் பிடித்தபடி, உங்கள் பக்கத்து ஓரத்தைத் தூக்கி உள்ளே இருப்பதன் மேல் போர்த்தி, பின்னுக்கு ஒரு இழுப்பு இழுங்கள். அந்த இழுப்பில்தான் இறுக்கம் வரும். பிறகு முன்னால் உருட்டுங்கள். முடிவு ஓரம் கீழே இருக்கும்படி கல்லில் வைத்து, ஒரு நிமிடம் சுட்டால் ஓரம் ஒட்டிக்கொள்ளும். திருப்பி இன்னொரு நிமிடம்.

மடிப்பில் கிழிந்தால் பதற வேண்டாம். கிழிசல் கீழே வரும்படி வைத்து, அந்த இடத்தில் கொஞ்சம் சீஸ் தூவிச் சுடுங்கள், மூடிக்கொள்ளும். எல்லாமே கிழிகிறது என்றால் ரொட்டி காய்ந்துவிட்டது. அடுக்கி, ஈரத்துணியில் சுற்றி, இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டுங்கள்.

9. குழந்தைகள், பெரியவர்கள், டிபன் பாக்ஸ்

குழந்தைகளுக்கு மிளகாய்த்தூள் போடும் முன்பே ராஜ்மாவில் ஒரு கிண்ணம் தனியாக எடுக்க முடியாது. தூள் முதலிலேயே விழுந்துவிடுகிறது. அதனால் மசாலாவில் அரை டீஸ்பூன் மட்டும் போட்டு, காரம் வேண்டியவர்கள் சல்சாவில் ஏற்றிக்கொள்ளட்டும். சின்னக் கைகளுக்கு ஒரு உருண்டையை இரண்டாக்கிச் சின்ன ரொட்டியாகத் தேய்த்தால் கீழே சிந்தாது. பல் சரியில்லாத பெரியவர்களுக்குக் காயை இன்னும் இரண்டு நிமிடம் வதக்கி, ராஜ்மாவை முழுக்க மசித்து, கல்லில் மறுபடி சுடாமல் கொடுங்கள். பூண்டு வெங்காயம் சேர்க்காத நாளில் சீரகத்தோடு பெருங்காயமும் ஒரு துண்டு இஞ்சியும்.

டிபனுக்குக் கட்டும்போது பட்டர் ஃப்ரூட், தயிர், சல்சா மூன்றையும் விட்டுவிடுங்கள். சல்சா வேண்டுமென்றால் சின்ன டப்பாவில் தனியாகப் போகட்டும். கல்லில் சுட்டு, ஐந்து நிமிடம் ஆவி போகவிட்டு, பிறகு பட்டர் பேப்பரிலோ தீயில் வாட்டிய வாழையிலையிலோ கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வியர்த்து நனைந்துவிடும். காலை 8 மணிக்குக் கட்டியதை 12 மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், ஊர் எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி.

மீந்த ராஜ்மா மசாலா ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மறுநாள் இறுகியிருக்கும், கால் டம்ளர் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வரும். சுட்ட ரொட்டி மீந்தால் ஆறிய பிறகு நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து டப்பாவில் மூடி வையுங்கள், இரண்டு நாள் வரும். மாவு உருண்டையாக மீந்தால் எண்ணெய் தடவி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தேய்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வையுங்கள்.